மெர்லோ என்று பறிக்கப்பட்ட கார்மெனேர்

சிலி நாட்டு மெர்லோ ஒயினில் 1980-களில் ஒரு விநோதம் இருந்தது. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால், அப்போதுதான் நறுக்கிய பச்சைக் குடைமிளகாயின் வாசம் வரும். மெர்லோ திராட்சையின் இயல்பு அதுவன்று. பிரான்ஸின் போர்தோ வட்டாரத்தில் மெர்லோ என்றால் கனிந்த பிளம் பழச் சாயலும் மிருதுவான துவர்ப்பும்தான். சிலியின் மண்வாகு அப்படி, வெயில் அப்படி என்றே இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் சொல்லப்பட்டு வந்தது.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு வேறொரு சங்கதியும் தெரிந்திருந்தது. ஒரே தோட்டத்தில், அடுத்தடுத்து நிற்கும் கொடிகளில் சில மார்ச் மாதத்திலேயே பழுத்துவிடும். சில ஏப்ரல் கடைசிவரை இழுக்கும். (தென்கோளத்தில் அதுதான் இலையுதிர் காலம்.) பிந்திப் பழுக்கும் கொடிகளை 'மெர்லோ பெயுமால்' என்று தனியாகக் குறிப்பிடும் வழக்கம்கூட இருந்தது. தலைநகர் சான்டியாகோவுக்குத் தெற்கே உள்ள பெயுமோ பகுதியில் அவை நிறைய விளைந்ததால் வந்த பெயர் அது. ஆனாலும் அவற்றையும் மெர்லோவின் ஒரு வகையாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். மெர்லோ பழுத்ததும் மொத்தத் தோட்டத்தையும் ஒரே வாரத்தில் பறித்து, ஒரே தொட்டியில் கொட்டினார்கள். சிலி மெர்லோவின் குடைமிளகாய் வாசம் அந்தத் தொட்டியில்தான் பிறந்தது.

1994 நவம்பர் 24 அன்று மைப்போ பள்ளத்தாக்கின் ஆல்ட்டோ ஹாஹுவேல் என்னும் இடத்தில், 1850-இல் தொடங்கப்பட்ட 'வினியா கார்மென்' நிறுவனத்தின் தோட்டத்துக்குள் ஒரு குழு நுழைந்தது. சான்டியாகோவில் நடந்த லத்தீன் அமெரிக்கத் திராட்சை, ஒயின் மாநாட்டுக்கு வந்திருந்த ஆய்வாளர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் ழான்-மிஷேல் பூர்சிகோ. தென் பிரான்ஸின் மோன்பெலியே நகரில் திராட்சை வகைகளை இனங்காணும் துறையில் பணியாற்றியவர். அத்துறையின் பிதாமகரான பியேர் காலேயிடம் பயின்றவர். காலே வளர்த்தெடுத்த முறை எளிமையானது, ஆனால் இரக்கமற்ற பொறுமையைக் கேட்பது. இலையின் மடல்கள் எத்தனை, நரம்புகளுக்கிடையே கோணம் என்ன, காம்பு சேரும் இடத்தில் பிளவு விரிந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, கொழுந்தில் ரோமம் உண்டா, அதன் நிறம் என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடியின் அடையாளத்தை நிறுவ வேண்டும். மரபணுச் சோதனை பரவலாவதற்கு முன் ஆய்வாளர்கள் இந்தக் கண் கணக்கைத்தான் நம்பியிருந்தார்கள்.

நவம்பர் அங்கே கொடிகள் பூக்கும் பருவம். மெர்லோவின் இளங்கொழுந்து வெண்ணிறப் பஞ்சு போர்த்ததுபோல் இருக்கும். பூர்சிகோ பார்த்த கொழுந்தோ செம்பு நிறத்தில் இருந்தது. மெர்லோவின் முதிர்ந்த இலையில் காம்பு சேரும் இடம் நன்றாக விரிந்து நிற்கும். இங்கே இலை மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அந்த இடைவெளியை மூடியிருந்தன. பூவின் மகரந்தத் தாள்கள் நேராக நிமிராமல் முறுக்கிக்கொண்டிருந்தன. இது மெர்லோ அன்று, கார்மெனேர் என்று அவர் சொன்னார். மோன்பெலியேயைச் சேர்ந்த மற்றொரு நிபுணரான க்ளோத் வாலா சில ஆண்டுகளுக்கு முன்பே சிலிக்கு வந்து, இது மெர்லோவாக இருக்க முடியாது என்று ஐயம் எழுப்பியிருந்தார். அந்த ஐயத்துக்கு விடை சொன்னவர் பூர்சிகோ. பின்னர் வந்த மரபணுச் சோதனைகளும் அவர் கண் சொன்னதையே உறுதிப்படுத்தின.

கார்மெனேர் என்ற பெயரை ஒயின் உலகம் ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. அதன் தாயகம் போர்தோ. மெதோக் பகுதியின் பழைய தோட்டங்களில் கேபர்னே ஃப்ரான்க் திராட்சையுடன் சேர்ந்து மதிப்போடு வளர்ந்த கொடி அது. நிறமும் அடர்த்தியும் கொண்ட ஒயின் தரும். ஆனால் அதை வளர்ப்பவருக்கு நிம்மதி இல்லை. பூக்கும் வேளையில் குளிரோ மழையோ வந்தால் பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். அட்லாண்டிக் கடலோரத்தில் இருக்கும் போர்தோவுக்கு அந்தப் பருவத்தில் மழையும் குளிரும் புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நல்ல விளைச்சல், மற்ற ஆண்டுகளில் பாதிக் கொத்து என்பது எந்த விவசாயியையும் சோர்வடையச் செய்யும்.

1863-இல் தென் பிரான்ஸில் காரணம் தெரியாமல் கொடிகள் பட்டுப்போகத் தொடங்கின. 1868-இல் தாவரவியலாளர் ஜூல்-எமீல் பிளான்ஷோனும் உடன் சென்றவர்களும் வேர்களைத் தோண்டிப் பார்த்து, அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஃபிலாக்சரா என்னும் நுண்பூச்சியே காரணம் என்று கண்டறிந்தார்கள். அசுவினிக்கு உறவான பூச்சி அது. வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். அடுத்த சில பத்தாண்டுகளில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேர்களின்மேல் ஐரோப்பியக் கொடிகளை ஒட்டுக்கட்டுவதுதான் கடைசியில் பலித்த மருந்து. தோட்டத்தை அடியோடு புதுப்பிக்கும்போது எந்த வகையை நடுவது என்ற கேள்வி வந்தது. ஏற்கெனவே காய் பிடிக்கத் தயங்கிய கார்மெனேர் ஒட்டுக்கட்டிய பிறகும் திருந்தவில்லை. போர்தோ விவசாயிகள் அதைக் கைவிட்டு, முன்கூட்டிப் பழுத்து நிறையக் காய்க்கும் மெர்லோவை நட்டார்கள். போர்தோவில் எந்தத் திராட்சை கார்மெனேரின் இடத்தைப் பிடித்ததோ, அதே திராட்சையின் பெயரில்தான் அது சிலியில் மறைந்து வாழ்ந்தது.

அது சிலிக்குப் போனதுதான் அதைக் காப்பாற்றியது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்த 'பாயிஸ்' என்னும் எளிய திராட்சையே சிலியில் மூன்று நூற்றாண்டுகள் கோலோச்சியது. நாடு விடுதலை பெற்றபின் சுரங்கத்திலும் நிலத்திலும் பணம் சேர்த்த குடும்பங்கள் பிரெஞ்சு வாழ்க்கை முறையின்மேல் மோகம் கொண்டன. 1851-இல் சில்வெஸ்த்ரே ஓச்சகாவியா பிரான்ஸிலிருந்து உயர்தரக் கொடிகளை வரவழைத்தார். உடன் ஒரு பிரெஞ்சு ஒயின் நிபுணரையும் அழைத்துவந்தார். மற்றவர்களும் அவரைப் பின்தொடர்ந்தார்கள். பழைய போர்தோ தோட்டங்களில் பல வகைகள் கலந்தே வளர்ந்ததால், கப்பலேறிய குச்சிகளும் கலந்தே வந்தன. மெர்லோவும் கார்மெனேரும் ஒரே கட்டில் வந்து ஒரே வரிசையில் ஊன்றப்பட்டிருக்க வேண்டும். ஃபிலாக்சரா பிரான்ஸில் தலைகாட்டுவதற்கு ஒரு பத்தாண்டுக்கு முன் நடந்த நடவு அது. அந்தக் காலக்கணக்கு சற்றே தள்ளிப்போயிருந்தால் பூச்சியும் குச்சியோடு பயணம் செய்திருக்கும்.

வடக்கே அட்டகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டிஸ் மலை, மேற்கே பசிபிக் பெருங்கடல், தெற்கே பனிப்பாறைகள் என்று நான்கு பக்கமும் அடைபட்ட நாடு சிலி. ஃபிலாக்சரா இன்றுவரை அங்கே கால் பதிக்கவில்லை. வெளியிலிருந்து வரும் செடிகளை அரசு கடுமையாகச் சோதிப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே கொடிகள் அங்கே தங்கள் சொந்த வேரிலேயே நிற்க முடிகிறது. வசந்தமும் கோடையும் வறண்டு இருப்பதால் பூ உதிரும் தொல்லை குறைவு. குளிர்கால மழை மே மாதவாக்கில்தான் தொடங்கும் என்பதால் பிந்திப் பழுக்கும் கொடிக்கு நீண்ட, உலர்ந்த இலையுதிர் காலம் கிடைக்கிறது. போர்தோவில் கார்மெனேரை வாட்டிய ஒவ்வொரு குறைக்கும் சிலியின் தட்பவெப்பத்தில் பரிகாரம் இருந்தது. பிந்திப் பறிக்க வேண்டும் என்று சொல்ல மட்டும்தான் யாரும் இல்லை.

கார்மெனேரைப் பற்றி எழுதுகிறவர்கள் தொலைந்ததும் கிடைத்ததுமான கதையிலேயே நின்றுவிடுகிறார்கள். அது சுவையான கதைதான். ஆனால் ஒரு திராட்சையின் பெயரைத் தவறாகச் சொன்னால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கவாத்து எப்போது, இலை கிள்ளுவது எவ்வளவு, தண்ணீர் எத்தனை தடவை, அறுவடை எந்த வாரம் என்பதெல்லாம் பெயரை வைத்தே முடிவாகின்றன. மெர்லோவைவிட மூன்று நான்கு வாரங்கள், சில இடங்களில் அதற்கும் மேல், பிந்திப் பழுக்கும் கொடியை மெர்லோ என்று பறித்தால் கிடைப்பது காய்தான். சர்க்கரை ஏறியிருக்கும், தோலும் விதையும் முற்றியிருக்காது.

குடைமிளகாய் வாசத்துக்குக் காரணம் மெத்தாக்சிபைரசின் என்னும் வேதிப்பொருள் குடும்பம். குடைமிளகாய்க்குள் இருப்பதும் திராட்சைக்குள் இருப்பதும் ஒரே மூலக்கூறுதான். அதன் வீரியம் நம்ப முடியாத அளவுக்குப் பெரிது: ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் இரண்டு பங்கை ஒரு லிட்டர் நீரில் கலந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். ஒயினில் மற்ற மணங்கள் மூடிமறைப்பதால் இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டும். பழம் பச்சையாக இருக்கும் பருவத்தில் இது சேர்ந்துகொண்டே வந்து உச்சத்தைத் தொடும். நிறம் மாறத் தொடங்கியபின் படிப்படியாகக் குறையும். கொத்தின்மேல் வெயில் பட்டால் சேர்வதே குறையும். இலை மண்டிக் கொத்தை நிழலில் வைத்தாலோ, தண்ணீரை அள்ளிக் கொடுத்துக் கொடியைத் தழைக்கவிட்டாலோ கூடும். நொதிக்கும்போது இது அழியாது. தோலிலும் காம்பிலும் விதையிலும் இருப்பது சாற்றில் இறங்கிப் புட்டிவரை வந்துவிடும்.

இந்த வாசம் சில குடும்பங்களுக்கே உரியது. கேபர்னே ஃப்ரான்க் அதற்குப் பேர்போனது. மரபணு ஆய்வுகளின்படி கார்மெனேரின் பெற்றோரில் ஒன்று கேபர்னே ஃப்ரான்க். மெர்லோவின் பெற்றோரில் ஒன்றும் அதுவே. புகழ்பெற்ற கேபர்னே சோவிஞோனுக்கும் அப்படியே. ஆக, சிலி விவசாயிகள் குழப்பிக்கொண்ட இரண்டு கொடிகளும் ஒரு வழியில் உடன்பிறப்புகள்தான். உருவ ஒற்றுமை தற்செயலன்று. குடைமிளகாய் வாசமோ மெர்லோவுக்குக் கொஞ்சமும் கார்மெனேருக்கு அள்ளியும் கிடைத்திருக்கிறது.

பூர்சிகோவின் அறிவிப்பைக் கேட்டுச் சிலியின் ஒயின் நிறுவனங்கள் எல்லாம் மகிழ்ந்துவிடவில்லை. காரணம் சந்தை. 1991 நவம்பரில் அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி, கொழுப்பு மிகுந்த உணவு உண்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இதயநோய் குறைவாக இருப்பதற்குச் சிவப்பு ஒயினே காரணமாக இருக்கலாம் என்று ஒளிபரப்பியது. அமெரிக்கக் கடைகளில் சிவப்பு ஒயின், குறிப்பாக மெர்லோ, பறந்தது. 1990-இல் ராணுவ ஆட்சியிலிருந்து மீண்டு ஏற்றுமதியைப் பெருக்கிக்கொண்டிருந்த சிலிக்கு மெர்லோ கைகொடுத்த சரக்கு. அந்த நேரத்தில், விற்றுக்கொண்டிருப்பது மெர்லோவே அல்ல, யாரும் கேள்விப்படாத வேறொன்று என்றால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது?

ஆனாலும் சிலர் துணிந்து இறங்கினார்கள். கார்மெனேர் என்ற பெயர் அரசின் பட்டியலில் இல்லாததால், கார்மென் நிறுவனம் 'கிராந்த் விதூர்' என்ற பழைய போர்தோ பெயரில் புட்டியை வெளியிட்டது. 1998-இல் வேளாண் அமைச்சகம் கார்மெனேரைத் தனி வகையாக ஏற்றது. பிறகு தோட்டம் தோட்டமாகப் பிரிக்கும் வேலை தொடங்கியது. அதற்கு மே மாதம் உதவிக்கு வந்தது: கார்மெனேர் இலைகள் உதிருமுன் இரத்தச் சிவப்பாக மாறும், மெர்லோ மஞ்சளாகும். நூற்றைம்பது ஆண்டுகள் ஒன்றாக எண்ணப்பட்ட இரண்டும் ஆண்டில் சில வாரங்கள் தாமாகவே தங்களைக் காட்டிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பறித்து முடித்தபின் தோட்டத்தைக் கூர்ந்து பார்க்கும் வழக்கம் யாருக்கு இருக்கிறது?

பெயர் சரியானதும் ஒயின் உடனே சரியாகிவிடவில்லை. பச்சை வாசத்தின்மேல் ஏற்பட்ட அச்சம் அடுத்த தவறுக்கு இட்டுச்சென்றது. 2000-களில் பலர் மே மாதம்வரை கொத்துகளைக் கொடியிலேயே விட்டார்கள்; மெத்தாக்சிபைரசின் முழுதும் வடியட்டும் என்று காத்திருந்தார்கள். வடிந்தது. கூடவே புளிப்பும் வடிந்தது. கார்மெனேருக்கு இயல்பிலேயே புளிப்புக் குறைவு. அதைக் கொடியிலேயே வாடவிட்டால் சர்க்கரை ஏறி, ஆல்கஹால் 14.5 விழுக்காட்டையும் தாண்டி, கருமையும் கனமும் மட்டும் மிஞ்சும். அதன்மேல் புதிய ஓக் பீப்பாயின் வனிலா மணத்தையும் ஏற்றினார்கள். சாக்லேட்டும் காபியும் சோயா சாறும் கலந்த வாசம். இரண்டாவது கோப்பையில் திகட்டிவிடும். காய்வாசத்துக்குப் பயந்தவர்கள் ஜாம் வரை போய்விட்டார்கள்.

அந்தக் காலகட்டத்திலும் சிறந்த ஒயின்கள் வந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். அவை எந்த மண்ணிலிருந்து வந்தன என்று பார்த்தால் காரணம் புரியும். காச்சாபோயல் ஆற்றங்கரையில் உள்ள பெயுமோவில் நிலம் ஆழமான களிமண் கலந்தது. கோடையில் ஆறேழு மாதம் மழையில்லாத ஊரில், களிமண் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். கார்மெனேர் தண்ணீர்த் தட்டுப்பாட்டைத் தாங்காத கொடி. ஈரம் குறைந்தால் பழம் பழுக்குமுன்பே அடியிலைகள் மஞ்சளித்து உதிர்ந்துவிடும், இலை போனால் பழுப்பதும் நின்றுவிடும். ஈரம் மிகுந்தாலோ தழைத்துப் பச்சை வாசம் ஏறும். பெயுமோவின் மண் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பசிபிக்கிலிருந்து ஆற்று வழியே வரும் குளிர்காற்று பழத்தை நிதானமாகப் பழுக்கவைக்கிறது. 'மெர்லோ பெயுமால்' என்று விவசாயிகள் இந்த ஊரின் பெயரைச் சூட்டியது வெறும் வழக்கு அல்ல; இந்தக் கொடிக்கு எந்த ஊர் ஏற்றது என்பதை அவர்கள் அறிவியலுக்கு முன்பே கண்டிருந்தார்கள். 1883-இல் தொடங்கிய 'கோஞ்சா இ தோரோ' நிறுவனத்தின் உச்சகட்டக் கார்மெனேரான 'கார்மின் தெ பெயுமோ' 2003 அறுவடையிலிருந்து இங்கேதான் உருவாகிறது.

தெற்கே கோல்சாகுவா பள்ளத்தாக்கில் அபால்டா என்ற இடம் குதிரைலாடம்போல் வளைந்த மலைகளுக்கு நடுவே இருக்கிறது. மலை மறைப்பதால் காலையிலும் மாலையிலும் வெயில் கடுமை குறையும். ஒட்டுக்கட்டாத முதிய கொடிகள் அங்கே இன்னும் நிற்கின்றன. 1994-இல், அதாவது பூர்சிகோ கார்மெனேரை இனங்கண்ட அதே ஆண்டில், பிரான்ஸின் மார்னியே-லப்போஸ்தோல் குடும்பத்தார் சிலியில் ஒயின் தொழில் தொடங்கினார்கள். அவர்களது 'க்ளோஸ் அபால்டா' ஒயினின் 2005 அறுவடையில் பெரும்பங்கு கார்மெனேர். மீதி கேபர்னே சோவிஞோன், மெர்லோ, கொஞ்சம் பெத்தி வெர்தோ. அமெரிக்காவின் 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' இதழ் 2008-ஆம் ஆண்டின் சிறந்த ஒயினாக அதைத் தேர்ந்தெடுத்தது. போர்தோ கைவிட்ட கொடி, போர்தோவின் பழைய கூட்டாளிகளோடு சேர்ந்து, இன்னொரு கண்டத்தில் அந்த இடத்தைப் பிடித்தது.

ஏமாந்தது சிலி மட்டும் அல்ல. வடகிழக்கு இத்தாலியில் கேபர்னே ஃப்ரான்க் என்று வளர்க்கப்பட்ட கொடிகளில் கணிசமானவை கார்மெனேர் என்று 1990-களில் தெரிந்தது. சீனாவில் 'கேபர்னே கெர்னிஷ்ட்' என்று ஒரு திராட்சை நூறாண்டுக்கும் மேலாக உண்டு. அதுவும் கார்மெனேர்தான் என்று மரபணுச் சோதனை காட்டிவிட்டது. அதன் வரலாறு 1892-இல் யாந்தாய் நகரில் தொடங்கிய 'சாங்யூ' நிறுவனத்தோடு பிணைந்தது. அதைத் தொடங்கிய வணிகர் சாங் பிஷியை மலேசியத் தமிழர்கள் வேறு பெயரில் அறிவார்கள்: பினாங்கு லீத் தெருவில் நீலநிற மாளிகை கட்டிய சியோங் ஃபாட் ட்சே அவர்தான். ஆஸ்திரேலியாவிலோ ஸ்பெயினின் அல்பரிஞோ என்று நம்பி நட்டு விற்றுவந்த வெள்ளைத் திராட்சை, உண்மையில் பிரான்ஸின் சவாஞான் என்று 2009-இல் மரபணுச் சோதனையில் உறுதியானது. முந்திய ஆண்டு அங்கே போய் முதலில் ஐயம் எழுப்பியவர் அதே பூர்சிகோ. ஆய்வகக் கருவிகள் எவ்வளவு பெருகினாலும், எந்தக் கொடியைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லத் தோட்டத்தில் நிற்கும் ஒருவரின் பயின்ற கண் தேவைப்படுகிறது. அத்தகைய கண்ணுடையவர்கள் உலகில் குறைந்துவருவது கவலைக்குரியது.

இப்போது சிலியில் கார்மெனேர் பத்தாயிரம் ஹெக்டேர் அளவில் நிற்கிறது. இளைய தலைமுறை ஒயின் தயாரிப்பாளர்கள் சிலர் அறுவடைத் தேதியை மறுபடி முன்னே இழுத்திருக்கிறார்கள். மெர்லோவோடு பறித்த காலத்துக்குத் திரும்பவில்லை. மே மாத வாடலுக்கும் காத்திருப்பதில்லை. காய் பிடித்தவுடனேயே காலை வெயில் படும் பக்கத்தில் இலைகளைக் கிள்ளிக் கொத்துக்கு வெளிச்சம் காட்டுகிறார்கள். பாசன நீரை அளந்து விடுகிறார்கள். ஏப்ரலில் பழத்தைப் பிய்த்து வாயிலிட்டு, தோலை மென்று, விதையைக் கடித்துப் பார்க்கிறார்கள். விதை பழுப்பேறி, கொட்டை கடிப்பதுபோல் நொறுங்கினால் நேரம் வந்துவிட்டது. அப்படிப் பறித்த ஒயினில் கறுப்புப் பிளம் பழமும் மிளகும் முன்னால் நிற்க, பின்னால் வறுத்த குடைமிளகாயின் சாயல் மெல்ல வரும். அந்தச் சாயலை ஒழிக்க வேண்டிய குறையாகக் கருதியது பிழை. அது இந்தத் திராட்சையின் பிறவிக் குணம். அளவோடு இருக்கும்போது வேறு எந்தச் சிவப்பு ஒயினுக்கும் இல்லாத காரத்தையும் குளிர்ச்சியையும் அதுவே தருகிறது.

இனி வரும் சோதனை தண்ணீர். மத்திய சிலியில் 2010 முதல் நீண்ட வறட்சி; பல ஆண்டுகளில் மழை சராசரியைவிட 20 முதல் 40 விழுக்காடுவரை குறைந்திருக்கிறது. ஆண்டிஸ் பனி சுருங்குவதால் ஆறுகளும் மெலிகின்றன. ஈரத்துக்கு ஏங்கும் கொடிகளில் கார்மெனேர் முன்வரிசையில் இருப்பதால், களிமண் இல்லாத சரிவுகளில் அதை நட்டவர்கள் நெருக்கடியை முதலில் உணர்வார்கள். பெயுமோ போன்ற இடங்களின் மதிப்பு அதனாலேயே இன்னும் கூடும்.

இந்த ஒயினை அறிய விரும்புகிறவர்கள் புட்டியில் சிலி என்று மட்டும் போட்டிருப்பதை எடுக்காமல், பெயுமோ, அபால்டா என்று ஊரைக் குறிப்பிட்டிருப்பதைத் தேடுங்கள். கோப்பையில் குடைமிளகாய் வாசம் மெலிதாக எழுந்தால் பழம் காயாக இருந்தபோது பறித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அங்கே இருப்பது மெர்லோவாக மாற்றப்படாத கார்மெனேர்.